நல்ல பீஸ் எது என்று யார் முடிவு செய்வது?

கேள்வி:

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சிஎன்சி யூனிட் நடத்துகிறேன். பாடியில் இருக்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு சப்ளை செய்யும் ஒரு கம்பெனிக்கு ஸ்டீல் புஷ் கடைந்து கொடுக்கிறோம். உற்பத்தியைக் கூட்டுவதற்காகப் போன வருஷம் இன்சென்டிவ் வைத்தேன். ஒரு ஷிஃப்டில் 400 பீஸைத் தாண்டினால், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் காசு. எண்ணிக்கை ஏறியது, கூடவே திரும்பி வரும் பீஸும் ஏறியது. பக்கவாட்டு ஓட்டை, புஷ்ஷின் நடுத்துளைக்குள் (போர்) திறக்கும் இடத்தில் பிசிறு நிற்கிறதாம். செக்கிங்குக்கு ஆள் போட்டேன். ஒருத்தர் பாஸ் பண்ணியதை இன்னொருத்தர் ரிஜெக்ட் பண்ணுகிறார். கடைசியில் கடன் வாங்கி, போருக்குள் பார்க்கிற ஏஐ கேமரா ஒன்றை மாட்டினேன். 98 சதவீதம் துல்லியம் என்று சொல்லி விற்றார்கள். ரிப்போர்ட்டும் அப்படித்தான் காட்டுகிறது. ஆனாலும் புகார் நிற்கவில்லை.

யார் கையில் எத்தனை ரிஜெக்ட் என்று தினமும் போர்டில் பெயர் வரிசை எழுதுகிறேன். நைட் ஷிஃப்டில் இருக்கும் இரண்டு பையன்கள் எப்போதும் கடைசியில்தான் வருகிறார்கள். அவர்களை அனுப்பிவிடலாமா? கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? மெஷினிடமும் சரி, ஆளிடமும் சரி, நான் எதிர்பார்ப்பதை எப்படிச் சொல்வது? அது நடக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

— அம்பத்தூர் வாசகர் ஒருவர்

பதில்:

உங்கள் கடிதத்தில் பீஸ் கணக்கு இருக்கிறது, சதவீதம் இருக்கிறது, ஆள் வரிசை இருக்கிறது. பிசிறு என்று எதைச் சொல்கிறோம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. கேமராவுக்கும் நைட் ஷிஃப்ட் தம்பிகளுக்கும் பிறகு வருகிறேன்.

உங்கள் டிராயிங்கில் 'பிசிறு இருக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். ஆனால் டிரில் போட்ட எந்த ஓட்டையின் விளிம்பையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கொஞ்சம் பிசிறு தெரியத்தான் செய்யும். அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு பீஸும் தேறாது. அதனால் செக்கிங்கில் உட்காரும் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு அளவை வைத்துக்கொள்கிறார். ஒருவர் பல்குச்சியை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். இன்னொருவர் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, பளபளப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். மூன்றாமவர் நேற்று திரும்பி வந்த லாட்டை நினைத்துக்கொண்டே பார்ப்பார். புகார் வந்த மறுநாள் அவருக்கு எல்லாமே பிசிறுதான். மூன்று பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்கிறார்கள், ஆளுக்கொரு சோதனையை வைத்துக்கொண்டு.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கப் பழகியவர்கள் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக்ஸ் பிரிவு 1998-ல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலிருந்து அந்தப் பரிசை முதலில் வாங்கியது அதுதான். 2004-ல் அதே பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமும் வாங்கியது. பரிசுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரம் பற்றிப் பாடம் நடத்தியவர். அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய ஒன்று உண்டு. 'சுத்தமானது', 'பாதுகாப்பானது', 'வட்டமானது' போன்ற சொற்களுக்கு, எப்படிச் சோதிப்பது, எந்த முடிவு வந்தால் ஏற்பது என்று சொல்லாதவரை தொழிலில் அர்த்தமே கிடையாது என்பார். ஒரு போர்வையில் 50 சதவீதம் கம்பளி என்று எழுதியிருந்தால், பாதிப் போர்வை முழுக்கக் கம்பளி, மறுபாதி முழுக்கப் பருத்தி என்றும் அதை நெய்துவிடலாம். எழுதியதற்கு அது மாறுபடாது என்று உதாரணம் காட்டினார். உங்கள் டிராயிங் வரியும் அப்படிப்பட்டதுதான்.

நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கஸ்டமரின் அசெம்பிளி லைன். அந்த புஷ்ஷை அங்கே என்ன செய்கிறார்கள் என்று நேரில் பாருங்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால், ரப்பர் ஓ-ரிங் மாட்டிய தண்டு ஒன்று அந்த போருக்குள் போகிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பக்கவாட்டு ஓட்டையின் வாயைத் தாண்டும்போது பிசிறு ரப்பரைக் கீறிவிடும். கீறிய ரப்பர் அன்றைக்கே ஒழுகாது. கொஞ்ச நாள் ஓடிய பிறகு ஒழுகும். இது தெரிந்துவிட்டால் உங்கள் எதிர்பார்ப்பு தானாகவே தெளிவாகிவிடும்: உள்விளிம்பு ரப்பரைக் கீறக் கூடாது. வெளி விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிற சின்னப் பிசிறு, யாருக்கும் தொந்தரவு இல்லையென்றால், ரிஜெக்ட்டுக்குக் காரணமாகாது. இன்று உங்கள் செக்கர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கக் கூடும்.

அடுத்து, இதை யார் கையிலும் ஒரே பதில் தரும் சோதனையாக மாற்ற வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று போதும். அதை போருக்குள் விட்டு, ஓட்டையின் விளிம்பை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று. இழை மாட்டி இழுபட்டால் ரிஜெக்ட், மாட்டாவிட்டால் பாஸ். குச்சி எந்த வகை, எத்தனை சுற்று, பீஸை முதலில் எண்ணெய் போகத் துடைக்க வேண்டுமா என்பது வரை எழுதுங்கள். கஸ்டமரின் குவாலிட்டி இன்ஜினியரோடு உட்கார்ந்து, 'இதுவரை சரி', 'இதற்கு மேல் வேண்டாம்' என்று இரண்டு பீஸைத் தேர்ந்து, இருவரும் கையெழுத்திட்டு லிமிட் சாம்பிளாக டப்பாவில் வையுங்கள். அந்த இரண்டு பீஸும் உங்கள் வாசலில் நடக்கிற பாதிச் சண்டையை நிறுத்திவிடும்.

சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. நல்லதும் கெட்டதும் நடுவாந்தரமுமாக 50 பீஸ் எடுத்து, அடியில் எண் போட்டு, மூன்று செக்கர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். வரிசையைக் கலைத்து, ஒவ்வொருவரையும் மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். வாகனத் தொழிலில் இது பழைய பழக்கம். ஒரே ஆள் ஒரே பீஸை காலையில் பாஸ் என்றும் மாலையில் ரிஜெக்ட் என்றும் சொன்னால், உங்கள் சோதனை இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம். உடனே ஆளைக் கடிந்துகொள்ளாதீர்கள், காகிதத்தைத் திருத்துங்கள். இது ஒழுங்காகாமல் கேமரா சரியா தப்பா என்று பேசவே முடியாது. எந்தப் பதிலோடு அதை ஒப்பிடப் போகிறீர்கள்?

எழுதி வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுதிய வரிகள் ஒன்றையொன்று இழுக்கும். இதற்கு இந்தியாவிலேயே பெரிய பாடம் உங்களுக்கு மேற்கே, ஆவடியில் கிடைக்கிறது. அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-ல் 15.5 கோடி ரூபாயில் அரசு ஒப்புதல் தந்தது. வடிவமைக்கும் பொறுப்பு ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ-க்கு. ஒரு டாங்கி என்னென்ன செய்ய வேண்டும் என்று ராணுவம் ஒரு தேவைப் பட்டியல் தரும்; அதை வைத்துத்தான் வடிவமைப்பு, அதை வைத்துத்தான் பரிசோதனை. முதலில் பேசப்பட்டது சுமார் 40 டன் எடையும் 105 மி.மீ. பீரங்கியும். அதற்குள் உலகத்து டாங்கிகள் மாறிவிட்டன. 1980களில் பட்டியல் திருத்தப்பட்டது, 120 மி.மீ. பீரங்கி, கனமான கவசம், 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் இன்ஜின் என்று ஆனது. கடைசியில் படைக்குப் போன அர்ஜுனின் எடை 58.5 டன். 2000-ல்தான் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தது.

தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு; எல்லாவற்றையும் தேவைப் பட்டியலின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் உங்களுக்கு வேண்டியது இதுதான்: கவசத்துக்கு ஒரு வரி கூட்டினால் எடை ஏறும், எடை ஏறினால் இன்ஜின் மாறும், பாலம் தாங்குமா, ரயில் வேகன் ஏற்றுமா என்ற கேள்விகள் எல்லாம் மறுபடி திறக்கும். ஒரு வரியை மாற்றுகிறவர் மற்ற எல்லா வரிகளையும் திரும்பப் படித்தாக வேண்டும். நீங்கள் '400-க்கு மேல் காசு' என்று புது வரி சேர்த்தபோது, 'பிசிறு இருக்கக் கூடாது' என்ற பழைய வரி என்ன ஆகும் என்று யாராவது பார்த்தார்களா? கம்ப்யூட்டர் உலகமும் இப்போது இதே இடத்துக்கு வந்து நிற்கிறது. தன் ஏஐ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஓபன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் தனி ஆவணமே வெளியிட்டது. இரண்டு கட்டளைகள் மோதினால் எது முந்தும் என்பதையும் அதில் எழுத வேண்டியிருந்தது.

அர்ஜுன் கதையில் எனக்குப் பிடித்த பகுதி 2010. தனித்தனியாகப் பல ஆண்டுகள் சோதித்த பிறகு, ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் ரஷ்ய வடிவமைப்பான டி-90 டாங்கியையும் ஒரே வேலைக்கு இறக்கி ஒப்பிட்டார்கள். அதே மண், அதே வெயில், அதே இலக்குகள். அதற்குப் பிறகு மேலும் 124 அர்ஜுன் வாங்க முடிவானது. மேம்படுத்திய ரகத்தில் 118 டாங்கிகளுக்கு 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வந்தது. அந்த ரகம் 68 டன்னைத் தொட்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எடைப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதைப் போன்ற சோதனை வேறில்லை. கேமராவுக்கும் அதையே செய்யுங்கள். விற்றவரின் ஆபீஸில் வேண்டாம்; உங்கள் ஷெட்டில், உங்கள் எண்ணெய் படிந்த பீஸில், நைட் ஷிஃப்டில், உங்கள் சிறந்த செக்கருக்குப் பக்கத்தில்.

இனி அந்த 98 சதவீதத்துக்கு வருவோம். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 1,000 பீஸில் 20 பீஸில்தான் பிசிறு என்று வைத்துக்கொள்வோம். கேமராவை அணைத்துவிட்டு, வருகிற எல்லாவற்றுக்கும் 'ஓகே' சீல் குத்தினால் 980 பதில் சரியாக இருக்கும். அதுவும் 98 சதவீதம் துல்லியம்தான். இப்போது உங்கள் கேமரா 20 கெட்ட பீஸில் 12-ஐப் பிடிக்கிறது, 8-ஐ விட்டுவிடுகிறது. நல்ல பீஸில் 12-ஐத் தவறாகத் தள்ளுகிறது என்று வையுங்கள். மொத்தம் 20 தப்பு. இதற்கும் 98 சதவீதம். அந்த 8 பீஸ்தான் கஸ்டமரிடம் போய் உங்களுக்குப் போன் வரவைக்கிறது.

இதே கேமராவைக் கொஞ்சம் கறாராக வைத்தால் 20-ல் 19-ஐப் பிடிக்கலாம். பதிலுக்கு நல்ல பீஸில் 40-ஐத் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 41 தப்பு. துல்லியம் 95.9 சதவீதமாக இறங்கிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் கேமரா மோசமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் உங்களுக்கு நடப்பது என்ன? 59 பீஸை ஒருவர் பஞ்சுக் குச்சியால் மறுபடி பார்க்க வேண்டும். கஸ்டமருக்குப் போவது 8-க்குப் பதில் ஒன்று. உங்களுக்கு எது வேண்டும்? இரண்டு வகைத் தப்புக்கும் ஒரே விலை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கேமராவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே விற்றவரிடம் 'துல்லியம் எவ்வளவு' என்று கேட்காதீர்கள். கெட்ட பீஸில் நூற்றுக்கு எத்தனை தப்பிக்கிறது, நல்ல பீஸில் நூற்றுக்கு எத்தனை தள்ளப்படுகிறது என்று இரண்டு எண்களாகக் கேளுங்கள். இரண்டையும் உங்கள் பீஸில் காட்டச் சொல்லுங்கள்.

அந்தச் சோதனைக்கான பீஸ்களை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கேள்வித்தாளை முதல் நாளே பையனிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று மகிழ்வதைப் போன்றது அது. கேமராவைப் பழக்குவதற்கு ஒரு குவியல், சோதிப்பதற்கு வேறொரு குவியல். இரண்டாவது உங்கள் பீரோவில் பூட்டியிருக்கட்டும். புது லாட் கம்பி வந்தால், கூலன்ட் மாற்றினால், பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் அதே குவியலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கேமரா பார்ப்பது வெளிச்சத்தைத்தான். எண்ணெய்ப் படலம் மின்னுவதும் பிசிறு மின்னுவதும் அதற்கு ஒன்றாகத் தெரியலாம்.

இன்னொரு வரியை உங்கள் காகிதத்தில் எழுத வேண்டும்: சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? உதாரணத்துக்கு, சென்னையில் பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான 26.1 கி.மீ. மெட்ரோ வழித்தடம் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில்களுக்காகத் திட்டமிடப்பட்டது. 2025 மார்ச்சில் பூந்தமல்லி பணிமனையிலிருந்து முல்லைத்தோட்டம் பக்கம் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. இப்படிப்பட்ட ரயிலுக்கு எப்போது ஓட வேண்டும், எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று எழுதுவது ஒரு பகுதி. தொடர்பு அறுந்தால், கதவில் ஏதாவது சிக்கினால், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் நின்றுவிட வேண்டும் என்பது அதைவிட முக்கியமான பகுதி. எல்லாம் சரியாக இருக்கும்போது ஓடுவதை மட்டும் காட்டினால் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரிடம் சான்றிதழ் கிடைக்காது. உங்கள் கேமராவுக்கு இப்போது பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று இரண்டுதான் இருக்கும். நடுவில் மஞ்சள் பெட்டி ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். சந்தேகமாக இருப்பதெல்லாம் அதில் விழட்டும், மனிதக் கண் பார்க்கட்டும். பல கேமராக்களில் இது செட்டிங்கில் மாற்றக்கூடிய விஷயம்தான்.

அதே வரி உங்கள் ஆபரேட்டருக்கும் வேண்டும். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்த அவருக்கு அனுமதி இருக்கிறதா? வாயால் 'நிறுத்துப்பா' என்று சொல்லியிருப்பீர்கள். நிறுத்தினால் அவர் பையிலிருந்து காசு போகிறது. அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

எட்டு மணி நேரத்தில் 400 பீஸ் என்றால் ஒரு பீஸுக்கு ஒன்றேகால் நிமிஷத்துக்கும் குறைவு. டிரில் மழுங்கினால் மாற்ற வேண்டும், ஆஃப்செட் பார்க்க வேண்டும், முதல் பீஸை அளக்க வேண்டும்; கால் மணி நேரம் என்று வையுங்கள். பன்னிரண்டு பீஸ் போயிற்று. அந்தப் பன்னிரண்டும் இன்சென்டிவ் வரும் பன்னிரண்டு. மழுங்கிய டிரில் உலோகத்தை வெட்டாமல் தள்ளும். தள்ளப்பட்ட உலோகம் ஓட்டை போருக்குள் திறக்கும் இடத்தில் மடிந்து நிற்கும். உங்கள் பிசிறு அங்கேதான் பிறக்கிறது. கேமராவும் செக்கரும் பிறந்த பிசிறைத்தான் தேடுகிறார்கள். அதைப் பிறக்க வைக்கக் காசு கொடுத்துக்கொண்டிருப்பது உங்கள் இன்சென்டிவ். ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்களோ அதை அவர் சரியாகச் செய்து காட்டியிருக்கிறார்.

கம்ப்யூட்டரும் இதையேதான் செய்யும். 2016-ல் ஓபன்ஏஐ ஆராய்ச்சியாளர்கள் படகுப் பந்தய வீடியோ கேம் ஒன்றை விளையாட ஒரு நிரலைப் பழக்கினார்கள். பந்தயத்தை முடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பரிசாகக் கொடுத்தது வழியில் உள்ள இலக்குகளை இடித்தால் கிடைக்கும் புள்ளி. படகு பந்தயப் பாதையை விட்டு ஒதுங்கி, ஒரே இடத்தில் வட்டமடித்து, திரும்பத் திரும்ப முளைக்கும் இலக்குகளை இடித்துக்கொண்டே இருந்தது. மற்ற படகுகளில் மோதியது, தீப்பிடித்தது, எல்லைக்கோட்டைத் தாண்டவே இல்லை. ஆனால் மனித ஆட்டக்காரர்களைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகப் புள்ளி எடுத்தது. அந்த நிரலுக்குப் பேராசையும் கிடையாது, சோம்பலும் கிடையாது. மனிதர்கள் இதே மாதிரி நடந்தால் மட்டும் குணத்தைக் குறை சொல்கிறோம். அதே 2016-ல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில், புதுக் கணக்கு எண்ணிக்கைக்குக் கடுமையான இலக்கு வைத்ததால் ஊழியர்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தது வெளியே வந்தது. ஏறக்குறைய 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அத்தனை ஆயிரம் பேர் ஒரே தப்பைச் செய்தால், இலக்கை எழுதியவரிடம்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

ஆகவே இன்சென்டிவை இப்படி மாற்றுங்கள். டிரில்லுக்கு இத்தனை பீஸ் ஆயுள் என்று முடிவு செய்யுங்கள். எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு டிரில்லைக் கடைசிவரை ஓட்டி, 25 பீஸுக்கு ஒரு தடவை பஞ்சுக் குச்சி போட்டுப் பாருங்கள். மாற்றும் நேரத்தை ஷிஃப்ட் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். கூடுதல் காசை ஆளுக்கு ஆள் கொடுக்காமல், மாதத்தில் கஸ்டமரிடமிருந்து திரும்பி வராத பீஸுக்கு மொத்த ஷெட்டுக்கும் பிரித்துக் கொடுங்கள். இதுவும் முழுப் பாதுகாப்பு கிடையாது. காசைக் கட்டிய எந்த அளவும் காலப்போக்கில் வளையத் தொடங்கும். பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து, இந்த அளவு இப்போது எதை வளர்க்கிறது என்று பாருங்கள்.

பெயர் வரிசைப் போர்டை நாளைக் காலையிலேயே கழற்றுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி உள்ள தட்டை உள்ளே விட்டு ஆறு பேர் மாறி மாறி அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் ரிஜெக்ட். ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், அவரைப் பாராட்டுவார். இன்னொருவருக்குப் பதினைந்து வரும், அவரைக் கண்டிப்பார். மறுநாள் பாராட்டு வாங்கியவர் பதினான்கு அள்ளுவார். பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு இருக்கும்வரை யார் அள்ளினாலும் பத்தைச் சுற்றித்தான் வரும். தரவரிசை போட்டவர் அதிர்ஷ்டத்துக்குத்தான் வரிசை போட்டிருக்கிறார்.

உங்கள் நைட் ஷிஃப்டில் எப்போதும் அதே இருவர்தான் கடைசி என்பதால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஏதோ ஒரு காரணம் நிலையாக இருக்கிறது. அது அந்த இருவரிடம் இருக்கிறதா, அவர்கள் நிற்கும் மெஷினிலும் நேரத்திலும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு: இரண்டு வாரம் அவர்களைப் பகல் ஷிஃப்டுக்கு வேறு மெஷினில் போடுங்கள், பகல் ஆட்களை இரவுக்கு மாற்றுங்கள். ரிஜெக்ட் ஆட்களோடு போகிறதா, மெஷினோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைச் சோதித்துத்தான் பார்க்க முடியும். மனிதரிடம் கேட்கலாம், கேட்டால் சொல்வார், சொன்னால் தனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை இருந்தால். அம்பத்தூரில் இன்று பல ஷெட்டுகளில் மெஷின் முன் நிற்பவர்கள் ஒடிசா, பீகார் பிள்ளைகள். உங்கள் சுவரில் ஒட்டிய வேலைக் குறிப்பு எந்த மொழியில் இருக்கிறது? தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், அந்த எதிர்பார்ப்பு அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. லிமிட் சாம்பிள் இரண்டையும் பெரிதாகப் போட்டோ எடுத்து, பக்கத்தில் பஞ்சுக் குச்சி பிடித்த கையையும் எடுத்து, அவர்கள் மொழியில் இரண்டு வரி எழுதி மெஷின் கதவில் ஒட்டுங்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள்: இரவு பதினொரு மணிக்கு டிரில் மழுங்கினால் புது டிரில் எங்கே எடுப்பாய்? டூல் ரூம் சாவியை சூப்பர்வைசர் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நீங்கள் கேட்ட இரண்டு விஷயத்துக்கும் என் பதில். கேமராவை இப்போது திருப்பிக் கொடுக்க வேண்டாம். பூட்டி வைத்த குவியலில் சோதித்து, அந்த இரண்டு எண்ணையும் எழுத்தில் வாங்கி, மஞ்சள் பெட்டி போட்ட பிறகும் கெட்ட பீஸ் தப்பிப்பது குறையவில்லை என்றால் அந்தக் காகிதத்தோடு விற்றவரிடம் போங்கள். பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும். அந்த இரண்டு பேரையும் அனுப்ப வேண்டாம். சாவி இரவு ஷெட்டிலேயே இருக்கட்டும், இன்சென்டிவை மாற்றுங்கள், ஆள் மாற்றிப் பாருங்கள். ஆறு வாரம் கழித்து மெஷின் வாரியாகவும் ஷிஃப்ட் வாரியாகவும் ரிஜெக்ட் கணக்கை அனுப்புங்கள். அப்போதும் எண்கள் அந்த இருவரோடுதான் நடக்கின்றன என்றால், அவர்களுக்கு எந்த வேலையில் பயிற்சி தேவை என்று பார்க்கலாம்.